கண் திறப்புப் பெருவிழா

பாஸ்டர் ரத்தினம் டாக்டர் ஆனது தபாலில். அமெரிக்காவில், அஞ்சல் பெட்டி எண்ணைத் தவிர வேறு முகவரி இல்லாத ஒரு வேதாகமக் கல்லூரி அவருடைய ஊழியத்தை மெச்சி ஒரு பட்டத்தை உறையில் போட்டு அனுப்பியது. உறை பிரித்த வாரமே ஒரகடம் கூட்டுரோட்டில் ஜெபக்கூடத்துக்கு முன்னால் புதுப் பலகை ஏறிவிட்டது. 'டாக்டர்' என்பது பஸ்ஸில் போகிறவன் படிக்கிற அளவில். 'ரெவரண்டு எஸ். ரத்தினம், விடியல் தீப ஊழியங்கள்' என்பது பலகையில் மூக்கை வைப்பவன் படிக்கிற அளவில்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால், இருமுகிற குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு நாலைந்து பெண்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ரத்தினம் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. தலையில் கை வைத்து ஜெபித்தார். பால்பவுடர் கரைத்து ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். வந்தார்கள். பாலுக்கு முன்னால் பாட்டு, பாட்டுக்கு முன்னால் பிரசங்கம் என்று ஒரு ஒழுங்கு ஏற்பட்டது. அவர் உருக உருகப் பேசுவார். ஜனங்கள் கண் கலங்கிப் பால் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஏரிக்கரைக் காலனிக்காரர்கள் அந்த இடத்துக்குப் 'பால் கோயில்' என்று பெயர் வைத்தார்கள். படப்பையில் ஒரு 'போர்வைக் கோயில்' இருந்தது. சுங்குவார்சத்திரத்தில் 'பன்னு கோயில்'. மூன்று இடத்திலும் மனந்திரும்பி, மூன்று இடத்திலும் சாட்சி சொல்லி, ஆடி மாசம் அம்மனுக்குக் கூழும் ஊற்றியவர்கள் காலனியில் உண்டு. ஞானஸ்நானம் என்று பேச்செடுத்தால் மட்டும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். "எத்தினி தபா வோணாலும் முங்குறோம் ஐயரே. சாதி சர்டிபிகேட்டுல மட்டும் கை வெச்சுடாத." புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளைச் சட்டை போட்டவர் எந்தச் சாமிக்காரரானாலும் அந்தக் காலனியில் அவர் ஐயர்தான்.

கோவிந்தம்மா வந்ததும் அந்தப் பலகையால்தான். மகன் மண்ணாங்கட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முன்னால் பிறந்த இரண்டும் தங்காததால் எமனுக்குப் பிடிக்காத பெயராகப் பார்த்து வைத்த பிள்ளை. இப்போது கல்குவாரியில் லாரிக்கு லோடு ஏற்றுகிற முழு ஆம்பிளை.

"டாக்டரு, ஒரு கண்ணு நெல்லு தூத்துறப்போ சொணை வுழுந்து அப்பவே போச்சு. போனது போவட்டும். இந்தக் கண்ணுல புகை மூட்டிகினு வருது. ஊசி போடுவியா, சொட்டு வுடுவியா?"

"நான் அந்த டாக்டர் இல்லம்மா."

"பின்ன? மாட்டு டாக்டரா?"

"ஆத்துமாவுக்கு டாக்டர்."

"அது கெடக்குது பத்திரமா. கண்ணுக்கு இன்னா வழி?"

ரத்தினத்துக்குச் சிரிப்பு வரவில்லை. தெற்கே சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் தன்னைப் பற்றிய தமாஷ்களுக்குச் சிரித்ததில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு கண் செத்த மீனின் கண். மறு கண்ணில் பால் கோத்திருந்தது.

"இப்ப எம்புட்டுத் தெரியுது?"

"ஆளு வந்தா ஆளுன்னு தெரியுது. யாருன்னு தெரியாது. ஏரிக்கரையில தடம் தெரியுது, அத்த வெச்சு போயினு வந்துனு கீறேன். மருமவ வந்து ரெண்டு வருசம் ஆவுது ஐயரே. தெனம் சண்டை. மூஞ்சிய ஒரு தபா சரியா பாத்ததில்ல. வெறும் கொரலோட சண்டை போட்றது ரேடியோவோட சண்டை போட்ற மாதிரி கீது. நமக்கு ஒரு திருப்தி வேணாவா?"

கண்தான் அவள் கேட்டது. பரலோகத்தைக் கேட்கவில்லை என்பதை ரத்தினம் மன்னித்தார். ஏனென்றால் அந்த நொடியில் அவருக்குள்ளே ஒரு விளக்கு எரிந்தது.

ஆகஸ்டில் அமெரிக்காவிலிருந்து பிரதர் வால்டர் வருவதாக இருந்தது. பால்பவுடர் அவருடையது. மேட்டடோர் வேன் அவருடையது. மே மாதத்தில் பக்கத்தில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த அந்தக் கொடுமைக்குப் பிறகு உலகத்துப் பத்திரிகைகளில் எல்லாம் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் வந்துவிட்டது. அதுவரை மெட்ராசுக்குப் பக்கத்தில் ஏதோ ஊர் என்று கடிதம் எழுதியவர், இப்போது எழுத்துக்கூட்டித் தப்பில்லாமல் எழுதினார். வீடியோ எடுப்பவரோடு வருகிறேன், இருளில் இருக்கும் ஜனங்களை எங்கள் சபையார் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். ஊரே தூக்கத்தைத் தொலைத்திருந்த நேரத்தில் ரத்தினம் மனைவி ஷெர்லினிடம், "கர்த்தர் உலகப் படத்துல நம்ம ஊருக்கு ஒரு குண்டூசி குத்திட்டாரு, பாத்தியா" என்றார். ஷெர்லின் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

இருளில் இருக்கும் ஜனம் இதோ வாசலிலேயே வந்து நிற்கிறது.

அவரைக் குறை சொல்கிறவர்கள்கூட இதை மறுக்க முடியாது: கோவிந்தம்மாவை அவரே வேனில் ஏற்றி, பட்டணத்தில் இலவசமாகக் கண் அறுக்கிற ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வாசல் பெஞ்சில் பட்டினியாக உட்கார்ந்து ஜெபித்தார். அறுவை நன்றாக முடிந்தது. "பார்வை வந்துடும். கொஞ்ச நாள் போகட்டும், தடிமனா ஒரு கண்ணாடி போட்டுக்கலாம்" என்றார் டாக்டர். பலகை இல்லாத டாக்டர். "இங்கேயே ஒரு வாரம் இருக்கட்டும். தினம் கட்டைப் பிரிச்சு மருந்து விடணும், புதுக் கட்டுப் போடணும்."

"எங்ககிட்ட ஆஸ்பத்திரியில வேலை பாத்த சகோதரி இருக்காங்க சார். கூட்டிட்டுப் போறோம்."

பொய் இல்லை. ஜெபக்கூடத்தில் பெருக்கி, பாட்டெடுத்துக் கொடுத்து, வீடு வீடாக ஊழியம் செய்கிற ரத்னா, தாம்பரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள்தான். டாக்டர் தயங்கினார். "ஒரு நாள்கூட விடக்கூடாது. வலி, நாத்தம், சீழ் எது வந்தாலும் அன்னிக்கே கூட்டி வந்துடணும்" என்று சொல்லிச் சொட்டு மருந்தைக் கொடுத்து அனுப்பினார்.

கோவிந்தம்மாவை வீட்டுக்கு அனுப்பவில்லை. காலனியில் புகை, ஈ, மருமகள் என்று காரணம் சொல்லி ஜெபக்கூடத்தின் பின்னறையில் பால்பவுடர் மூட்டைகளுக்கு நடுவே பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். மறுநாள் காலை ரத்னா கையைக் கழுவிக்கொண்டு, சொட்டு மருந்தோடு கட்டைத் தொட்டாள்.

"ஏ ரத்னா! அதுல கை வைக்கப்படாது பாத்துக்கோ."

"டாக்டர் சொன்னாருல்ல ஐயா."

"சொன்னாரு. நீ இப்ப அவுக்கிற. அந்தம்மா கண்ணத் திறக்குது. எதப் பாக்கும்?"

"என் மூஞ்சியத்தான் பாக்கும்."

"பாத்தாச்சா? அப்புறம் பிரதர் வால்டர் மேடையில கட்ட அவுக்கும்போது, 'இப்பத்தான் முதமுதலாப் பாக்குறேன்'னு அந்தம்மா சொன்னா அது என்ன?"

ரத்னா யோசித்தாள். "பொய்யி."

"வெறும் பொய் இல்ல. பொய்ச்சாட்சி. பத்துக் கட்டளையில இருக்கு. ஒரு ஏழைப் பொம்பளையப் பாவத்துல தள்ளச் சொல்லுதியா?"

கட்டளைக்கு எதிராகச் சொட்டு மருந்து எந்த மூலைக்கு? ரத்னா கட்டுக்கு மேலேயே இரண்டு சொட்டு விட்டாள். துணி குடித்துக்கொண்டது.

வால்டர் புதன்கிழமை வருவதாக இருந்தது. புதன்கிழமை தந்தி வந்தது: அந்தப் பகுதிக்கு இப்போது போகலாமா என்று தூதரகத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறார், காத்திருக்கவும். அடுத்த வாரம் வந்து இறங்கினார். இறங்கியவருக்குத் தூக்கம் மாறிப்போனதால் நேரே மகாபலிபுரம் கடற்கரை ஓட்டலுக்குப் போய்ப் படுத்தார். வீடியோக்காரர் கடற்கரைக் கோயிலை எடுத்தார். பிறகு வானம் மூடாக இருக்கிறது, வெளிச்சம் போதாது என்றார்கள். வெளிச்சத்துக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

பின்னறையில் கோவிந்தம்மாவும் காத்திருந்தாள். முதலில் அரிப்பு என்றாள். பிறகு ஊசி குத்துகிறது என்றாள். பிறகு எதுவும் சொல்லாமல் தலையைப் பால்பவுடர் மூட்டையில் முட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயரே, உள்ள நெருப்பு வெச்சாப்ல கீது. ஒரு தபா அவுத்து வுட்டுட்டுக் கட்டேன்."

"பாவத்துல கெடந்த பழைய மனுஷன் போறப்ப அப்படித்தான்மா வலிக்கும்."

"எந்தப் பழைய மனுசன்? என் புருசன் செத்தே பன்னண்டு வருசம் ஆச்சேப்பா!"

மண்ணாங்கட்டி வந்து சத்தம் போட்டான். ரத்தினம் அவன் தோளில் கை வைத்து, வெள்ளைக்காரர் வந்ததும் அவர்களுக்கு ஓட்டு வீடு ஒன்று கேட்கலாம் என்று நினைத்திருப்பதாகச் சொன்னார். நினைத்திருந்தது உண்மை. மண்ணாங்கட்டி, "ஓடுன்னா சீமை ஓடா, நாட்டு ஓடா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

மூக்கைப் பொத்திக்கொண்டு ஷெர்லின்தான் வந்து சொன்னாள். "ஏங்க, அந்த ரூம்ல நாத்தம் தாங்கல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அன்று சாயங்காலம் ரத்தினம் உண்மையாகவே வேன் சாவியை எடுத்தார். வாசல் வரை போனார். ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரிப்பார்கள், பிரித்தால் அவள் பார்ப்பாள், பார்த்தால் போச்சு. இவ்வளவு வலியையும் அவள் பட்டது வீணாகிவிடும். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, கட்டின் மேல் ஓடிகோலன் சென்ட் தெளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்தது.

விழாப் பேனரைச் சுங்குவார்சத்திரம் பரசுராமன் எழுதியிருந்தான். கும்பாபிஷேகம், கூழ் வார்த்தல், தெருக்கூத்து என்று சுற்றுவட்டாரத்துச் சுவர்களில் எல்லாம் அவன் எழுத்துத்தான். "குருடர் பார்வையடையும் விசேஷித்த ஆராதனை" என்று ரத்தினம் நீட்டிச் சொல்ல, பரசுராமன் பேனரின் அகலத்தைப் பார்த்தான். "இதுக்கு எங்கள்ல ஒரு பேரு கீது சார். சின்னதா, லட்சணமா" என்று சொல்லி, 'கண் திறப்புப் பெருவிழா' என்று எழுதிவிட்டான். ரத்தினத்துக்கு அந்தச் சொல் பிடித்துப் போயிற்று. கேட்டாலே மெய் சிலிர்க்கிறது என்றார்.

கண் திறப்பு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது, காலனிக்குத் தெரியும். சிற்பி புதுச் சிலை செய்தால் கண்ணை மட்டும் கடைசியில்தான் திறப்பான். திறந்ததும் சாமியின் முதல் பார்வை உக்கிரமாக இருக்கும். மனுஷன் மேல் பட்டால் தாங்கமாட்டான். எனவே எதிரே எவரும் நிற்கக்கூடாது. சாமி முதலில் பார்ப்பதற்கென்று முன்னால் ஒரு கண்ணாடி பிடிப்பார்கள். கன்றோடு பசுவை நிறுத்துவார்கள். படி நிறைய நெல் வைப்பார்கள். இந்த முறையைத்தான் ஐயரும் செய்கிறார், செலவு வெள்ளைக்காரத் துரை என்று காலனி பெருமைப்பட்டது. பால் கோயில் கடைசியில் வழிக்கு வந்துவிட்டது.

மேடைக்கு முன்னால் சாமியானா நிறைய ஜனம். வால்டர் வேர்த்து, சிவந்து, சிரித்து உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். குழந்தைகளைக் கண்டால் கண்ணில் நீர் வந்துவிடும். ரத்னா கோவிந்தம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். புதுச் சேலை, காதோரம் சாமந்தி, கண்ணில் கட்டு. ஓடிகோலன் வாசனை முதல் வரிசை வரை வந்தது. அதற்கு அடியில் இருந்த வாசனை இரண்டாம் வரிசை வரை.

ரத்தினம் ஆங்கிலத்தில் பேசினார். "இந்தச் சகோதரி இந்தக் கணம் வரை கட்டைப் பிரிக்கவில்லை. இவள் காணப்போகும் முதல் முகம், பிரதர், உங்கள் முகம்." ஒரு சொல் பொய் இல்லை. வால்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வீடியோக்காரர் மண்டியிட்டார். வால்டரின் வெள்ளை விரல்கள் கட்டின் முடிச்சைத் தொட்டன.

"ஒத்திக்கோ! ஒத்திக்கோ!" என்று ஒரு குரல் கிளம்பியது. சாமியானா நடுவே வகிடு எடுத்த மாதிரி ஜனம் இரண்டாகப் பிளந்து ஓடியது. நாற்காலிகள் சரிந்தன. குழந்தைகளைத் தாய்மார்கள் இடுக்கிக்கொண்டார்கள். வெறிச்சோடிப் போன நடுவழியில் காலனிக்காரன் கன்னியப்பன் தன் பசுவைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி வந்தான். பின்னால் கன்று. அதன் பின்னால், கோவிந்தம்மாவின் மருமகள் செங்கமலம், சலூன் கடையில் இரவல் வாங்கிய பெரிய கண்ணாடியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் தலையைக் குனிந்து மறைத்தபடி மேடை ஏறினாள்.

"வாட் இஸ் ஹேப்பனிங்?" என்றார் வால்டர்.

ரத்தினத்துக்கே தெரியவில்லை. "பயபக்தி" என்றார்.

"அம்மாவ நேரா உக்கார வெய்யி!" என்று கீழேயிருந்து மண்ணாங்கட்டி கத்தினான். "தொரைய ஒதுங்கச் சொல்லு ஐயரே, பார்வ பட்டா செதறிடுவாரு!"

கட்டு அவிழ்ந்தது. கடைசிச் சுற்று வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. வால்டர் மெல்ல இழுத்தார். கோவிந்தம்மா ஒரு சத்தம் போட்டாள். பசு மிரண்டு பின்வாங்கியது. துணியோடு மஞ்சளாக ஏதோ வந்து அவள் கன்னத்தில் வழிந்தது. இமை வீங்கிப் பழுத்த அத்திக்காய் மாதிரி இருந்தது. ரத்தினம் தன் கைக்குட்டையால் அதைத் துடைத்து, இரண்டு விரலால் இமையைப் பிரித்துவிட்டார்.

செங்கமலம் கண்ணாடியை மாமியார் முகத்துக்கு நேரே பிடித்தாள். "பாரு அத்த. கண்ணாடியில பாரு."

கோவிந்தம்மாவின் முகம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பியது.

"எங்கடி?"

"உன் முன்னாடியே புடிச்சினு கீறேன் அத்த."

"வெளக்க ஏத்துங்கடி. இருட்டுல பாரு பாருன்னா எத்தப் பாக்கறது?"

உச்சி வெயில். சாமியானாவின் ஓட்டைகளில் எல்லாம் வெயில் காசு காசாக விழுந்து கிடந்தது. செங்கமலம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தலையை எட்டிப் பார்த்தாள். அப்புறம் கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

வால்டர் குனிந்து, அன்பே உருவாக, கோவிந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ரத்தினம் தமிழில் சொன்னார்: "என்ன தெரியுதுன்னு பிரதர் கேக்காரும்மா."

கோவிந்தம்மா கொஞ்ச நேரம் முயன்று பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மைக்கிலேயே சொன்னாள். "முன்ன மங்கலாவாச்சும் தெரிஞ்சிது. இப்ப அந்த மங்கலும் போச்சு."

வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வால்டரின் முகம் ரத்தினத்தின் பக்கம் திரும்பியது. பொய் சொல்ல அவருக்கு வராது; வாழ்நாளில் பழக்கமில்லை. கட்டளையும் இருக்கிறது. அவள் சொன்ன வாக்கியத்தை மனதுக்குள் ஒரு முறை புரட்டிப் பார்த்தார். அதில் நேரே நடந்து போகிற மாதிரி ஒரு வழி இருந்தது.

"முன்பு எல்லாம் மங்கலாக இருந்ததாம், பிரதர்," என்றார் ஆங்கிலத்தில். "இப்போது மங்கல் போய்விட்டதாம்."

வால்டர் இரண்டு கைகளையும் மேலே தூக்கி அழுதார். அவரோடு வந்தவர்கள் கை தட்டினார்கள். துரைமார் தட்டுவதைப் பார்த்து, இரண்டு ஓரங்களிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற காலனியும் தட்டியது. வெயிலும் பசுவும் கூட்டமும் தாங்காமல் கோவிந்தம்மா நாற்காலியிலேயே சரிந்தாள். அதையும் எடுத்தார்கள். படத்தில் அது பரிசுத்த ஆவியின் நிறைவு மாதிரி மிகவும் நன்றாக விழுந்திருந்ததாகப் பிறகு கடிதம் வந்தது.

அன்று மாலையே, விருந்தினர் வண்டி கிளம்பிய தூசி அடங்கும் முன்பே, ரத்தினம் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார். ரத்தினத்தை நிமிர்ந்து பார்த்தார். விஷம் மூளைக்கு ஏறாமலிருக்க அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள்.

ஐப்பசி மழை பிடித்த வாரம் அமெரிக்காவிலிருந்து சேதி வந்தது. படத்தைப் பார்த்த சபையார் உருகிவிட்டார்களாம். கூட்டுரோட்டிலேயே பார்வையற்றோர் இல்லம் ஒன்று கட்ட வேண்டுமாம். வால்டரே கடைக்கால் போட வருகிறாராம். இல்லம் என்றால் அதில் பார்வையற்றவர் ஒருவராவது வேண்டும். ரத்தினம் வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக் காலனிக்குப் போனார். ஒரு பால்பவுடர் டின்னும் எடுத்துப் போனார்.

கோவிந்தம்மா குடிசைக்குள் பாயில் உட்கார்ந்திருந்தாள். செங்கமலம் அவளுக்குச் சோற்றைப் பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் சண்டை நின்று போயிருந்தது. ஐயர் வந்ததைப் பார்த்து, செங்கமலம் எழுந்து மூலைக்குப் போனாள். மண்ணாங்கட்டி வேலைக்குப் போயிருந்தான்.

ரத்தினம் இல்லத்தைப் பற்றிச் சொன்னார். கட்டில் உண்டு, மூன்று வேளை சாப்பாடு உண்டு, பக்கத்திலேயே ஆராதனை. கோவிந்தம்மா சோற்றை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும், குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள்.

"ஐயரே, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கி அந்தத் தொரை இன்னா தெரியுதுன்னு கேட்டாரு. நான் சொன்னேன். அவுருக்கு நீ இன்னான்னு சொன்ன?"

"நீங்க சொன்னதத்தாம்மா சொன்னேன்."

"மாத்திச் சொல்லலியே?"

"இல்லம்மா. கர்த்தர் சாட்சி."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "அப்ப கண்ணு போச்சுன்னு சொன்னதுக்கா அத்தினி பேரும் கை தட்டுனாங்க?"

குடிசைக்குள் கூரை ஒழுகிச் சட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. ரத்தினம் டின்னை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். என்ன சொல்வது என்று தெரியாத இடங்களில் எல்லாம் அவரைக் கைவிடாத ஒன்று இருந்தது. அதுவாகவே வாயில் வந்துவிட்டது.

"எல்லாரும் கண்ண மூடுங்க. ஜெபிப்போம்."

சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. மூலையில் செங்கமலம் 'தூ' என்றாள். எச்சிலா, வெற்றிலையா, இருட்டில் தெரியவில்லை. ரத்தினம் அவசரமாகத் தன் கண்களை இறுக்கி மூடிக்கொண்டார். நீளமாக ஜெபித்தார். அமெரிக்காவுக்காக, ஊருக்காக, மழைக்காக, அரசாங்கத்துக்காக, இனி யாருக்கு என்று தேடித் தேடி ஜெபித்தார். செங்கமலம் வெளியே போகிற கொலுசுச் சத்தம் கேட்டது. கடைசியில் ஆமென் சொன்னபோது கூடச் சொல்ல ஆளில்லை.

மெல்லக் கண்ணைத் திறந்தார்.

கோவிந்தம்மா வைத்த முகம் வைத்தபடி அவரையே நோக்கி உட்கார்ந்திருந்தாள்.

"முடிச்சிட்டியா?" என்றாள். "கேட்டதுக்குச் சொல்லு."